ஓர் அடுப்பும் ஐந்து பூவநாதன்களும்

கோவில்பட்டியில் ரயில்வே கேட்டுக்குத் தெற்கே இருக்கிற கிணற்றடித் தெருவில், ஐப்பசி மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில், மின்வாரிய ஆபீஸ் கணக்கர் பூவநாதன் ஐந்து பேராக எழுந்தார். அதைப் பார்த்து அவர் மனைவி செண்பகவல்லி கூச்சல் போடவில்லை, மயங்கி விழவும் இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவள், கட்டிலில் போர்வைக்குள் ஒருவரும், தரையில் கோரைப்பாயில் ஒருவரும், சாமிப் படங்களுக்கு முன்னால் ஈரத்துண்டோடு ஒருவரும், வாசல்படியில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டு ஒருவரும், கரண்ட் மீட்டரை அண்ணாந்து பார்த்தபடி ஒருவருமாகத் தன் புருஷனைக் கண்டு, அரை லிட்டர் பால் பத்தாதே என்றுதான் முதலில் நினைத்தாள்.

ஊர்க்கோயிலில் சாமிக்கு என்ன பேரோ அது அவருக்கும், அம்மனுக்கு என்ன பேரோ அது அவளுக்கும் இருந்ததால், ஜாதகம்கூடப் பார்க்காமல் கட்டிவைத்த கல்யாணம் அது. சாமிக்கு என்றைக்கும் ஒரே குணம், மனுஷனுக்கு அப்படியில்லையே என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. கல்யாணமான மறுவருஷம் பூவநாதன் உப்பை விட்டார், வீடே உப்பை விட்டது. அடுத்து, மண்சட்டியில் சமைத்தால்தான் ஆயுசு என்றார். அலுமினியப் பாத்திரமெல்லாம் பரணுக்குப் போயிற்று. மண்சட்டி உடைந்து முடிவதற்குள் மாலை போட்டு மலைக்குக் கிளம்பினார், மாலையைக் கழற்றிய கையோடு பிரியாணியில் ஒரு வருஷம் கிடந்தார், பிரியாணி கொழுப்பேற்றியதும் விடியுமுன் எழுந்து பச்சைக் காய்கறி தின்கிற கூட்டத்தில் சேர்ந்தார், அது அலுத்ததும் வீட்டில் ஒரு பல்புக்கு மேல் எரியக்கூடாதென்று சட்டம் போட்டார். ஒவ்வொன்றையும் ‘இனிமேல் இதுதான் நம்ம வாழ்க்கை முறை’ என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார். ‘நம்ம’ என்கிற அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்த வேலையெல்லாம் செண்பகவல்லியுடையது.

கடைசியாக ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த சொற்பொழிவுக்குப் போய், வாழ்க்கையைப் பாதி பாதியாக வாழ்கிறவன் வாழ்வதே இல்லை, உனக்கான முறை எதுவோ அதை முழுசாக வாழ் என்று யாரோ மைக்கில் கத்தியதைக் கேட்டுவிட்டு வந்தார். எதை முழுசாக வாழ்வதென்று தெரியாமல் ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தார். காலையில் ஐந்து பேராக ஆகியிருந்தார். காரணம் என்று சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டு ஜெபமணி டீச்சர்தான் முதலில் எட்டிப் பார்த்தார். ரிட்டயர் ஆனவர், தனி ஆள், தெருவில் எந்த வீட்டுக் கதவையும் தட்டாமல் திறக்கிற உரிமை உள்ளவர்.

“என்ன செம்பகம், விருந்தாளா?”

“எல்லாம் இவருதான் டீச்சர்.”

டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொருவராகப் பார்த்தார். “ஆமா, அந்த முன்பல்லு இடுக்கு அஞ்சு பேருக்கும் இருக்கு” என்றார். பிறகு, “மாவு இருக்கா, தரவா?” என்று கேட்டார். செண்பகவல்லி பாத்திரத்தை நீட்டினாள்.

ஆபீஸில்தான் சிக்கல் வருமென்று நினைத்தாள். அங்கே விரல் வைக்கிற மிஷின் ஐந்து பேருடைய கட்டைவிரலையும் பூவநாதன் என்றே ஏற்றுக்கொண்டது. அதிகாரி ஒரு நிமிஷம் நெற்றியைச் சொறிந்துவிட்டு, ‘வேலைக்கு ஒருத்தர் வந்தாப் போதும், மத்தவங்க வெளிய உக்காந்து பேசாதீங்க’ என்று முடித்துவிட்டார். மீட்டர் பார்த்தவர்தான் வேலைக்குப் போவதென்று ஆயிற்று, மற்றவர்களுக்கு அதில் ஆசையும் இல்லை. ரேஷன் கடைக்காரர், அட்டையில் ஒரு பூவநாதன்தான் இருக்கிறார், ஒரு ஆளுக்கான அரிசிதான் தரமுடியும் என்றார். ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள் சுகந்தி, விஷயத்தைப் போனில் கேட்டுவிட்டு, “அம்மா, அதுல எந்த அப்பா என் கல்யாணத்துல அழுதாரு?” என்றாள். விசாரித்ததில் ஐந்து பேருமே தான்தான் என்றார்கள்.

தெரு அவர்களுக்குப் பேர் வைக்க அதிகநாள் எடுத்துக்கொள்ளவில்லை. ஷூ போட்டவர் நடை பூவநாதன், ஈரத்துண்டோடு நின்றவர் விபூதி பூவநாதன், மீட்டர் பார்த்தவர் சிக்கனப் பூவநாதன், கோரைப்பாயில் படுத்திருந்தவர் இயற்கைப் பூவநாதன், போர்வைக்குள் இருந்தவர் பரோட்டா பூவநாதன். பேர் வைத்த சூட்டோடு ஆளுக்கொரு வேலையும் வைத்துவிட்டார்கள். சர்க்கரை வியாதிக்காரர்களெல்லாம் நடை பூவநாதனுக்குப் பின்னால் வரிசையாகப் புது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து திரும்பினார்கள். கோயில் கமிட்டிக்காரர்கள் விபூதி பூவநாதனைப் பூப்பறிக்கவும் திருவிளக்கு பூஜைக்குக் கோலமிட ஆள் பிடிக்கவும் வைத்துக்கொண்டார்கள். எந்த வீட்டில் கரண்ட் பில் ஏறினாலும் சிக்கனப் பூவநாதனைக் கூப்பிட்டு எந்த சுவிட்சில் தப்பு என்று கேட்டார்கள். இயற்கைப் பூவநாதன் சாக்கடை ஓரமெல்லாம் முருங்கைக்கொம்பு நட்டு, குப்பையைத் தரம் பிரிக்காத வீட்டு வாசலில் பேசாமல் போய் நிற்பார். அவர் நிற்பதைத் தாங்கமுடியாமலே தெரு சுத்தமாயிற்று. பரோட்டா பூவநாதனுக்கென்று முக்கு பரோட்டாக் கடையில் ஒரு நாற்காலி போட்டார்கள், அவர் சாப்பிடுகிற அழகைப் பார்த்தே நாலு பேர் கூட உள்ளே வந்தார்கள். காலையில் வாசலில் வந்து, “மதினி, நடைய அனுப்புங்க”, “அக்கா, உங்க சிக்கனம் ப்ரீயா?” என்று கேட்பார்கள், ஏணியோ கடப்பாரையோ இரவல் கேட்கிற மாதிரி.

வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பியும் விடுவார்கள், பசியோடு.

அந்தப் பசிதான் செண்பகவல்லியின் பங்கு. நடைக்கு முளைகட்டின பயறும் கம்பங்கூழும், விபூதிக்கு வெங்காயம் பூண்டு சேராத சாம்பார், இயற்கைக்கு வேகவைக்காத எதுவும், சிக்கனத்துக்கு நேற்று மிஞ்சியது, பரோட்டாவுக்குக் கடையில் தின்றது போக வீட்டில் சால்னா. ஒரே அடுப்பு, இரண்டு பர்னர். வெங்காயம் நறுக்கின அரிவாள்மணையில் பூசணிக்காய் நறுக்கினால் விபூதி எழுந்து போய்விடுவார். கூழை மிக்ஸியில் அடித்தால் சிக்கனம் பிளக்கைப் பிடுங்குவார். அறைக்குள் பரோட்டா பேனைப் போடுவார், சிக்கனம் அணைப்பார், இயற்கை ஜன்னலைத் திறப்பார், விபூதி சாம்பிராணி போடுவார், நடை எல்லாருக்கும் முன்னால் எழுந்து லைட்டைப் போடுவார். இத்தனைக்கும் ஒருவரோடு ஒருவர் சண்டை போடமாட்டார்கள். சண்டையெல்லாம் அவளிடம்தான் வரும்.

“ஏ செம்பகம், அந்தாளுகிட்ட சொல்லு.”

“எந்தாளுகிட்ட? அதுவும் நீங்கதான. நீங்களே சொல்லிக்கோங்க.”

“நான் சொன்னா கேக்கமாட்டான்.”

“அது எனக்குத் தெரியாதாக்கும்” என்பாள் செண்பகவல்லி.

அவள் தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் பிரிவில் மேற்பார்வை பார்க்கிறவள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பெட்டிகளை அடுக்குகிற அந்த நீளக் கொட்டகையில், மயில் படம் போட்ட லேபிள் கட்டுகள்மேல் தலையை வைத்து அவள் தூங்கிப்போகிற நாட்கள் கூடிக்கொண்டே வந்தன. கூட வேலை பார்க்கிறவர்கள் அவளை எழுப்பமாட்டார்கள். ‘அஞ்சு புருஷன் பாவம்’ என்பார்கள். பாவம் யாரென்று சரியாகத் தெரியாத மாதிரி இருக்கும் அவர்கள் சொல்கிற விதம். ஐந்து மாப்பிள்ளை கிடைத்த அதிர்ஷ்டக்காரி என்று சிரிக்கிறவர்களும் இருந்தார்கள். அவர்களிடம் அவள், “வேணும்னா ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போங்க” என்பாள். யாரும் கூட்டிப்போகவில்லை. பகலில் இரவல் வாங்குவதோடு சரி.

தை மாசம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் காய்ச்சலோடு சமைத்தாள், இரண்டாம் நாளும் சமைத்தாள், மூன்றாம் நாள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அடுக்களைத் தரையிலேயே சாய்ந்தாள். கட்டிலில் தூக்கிப் போட்டது யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது ஐந்து பேரும் சுற்றி நின்றார்கள். உதடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“தண்ணி” என்றாள்.

“வெந்நிதான் குடிக்கணும், காய்ச்சலுக்கு அதான் நல்லது” என்றார் நடை பூவநாதன்.

“கொதிக்கவச்சா தண்ணி செத்துப்போகும். பானைத் தண்ணி குடு” என்றார் இயற்கை.

“நாலு துளசிய போட்டு, தீர்த்தமா…” என்று விபூதி ஆரம்பித்தார்.

“சோடா வாங்கிட்டு வரவா, ஜில்லுனு?” என்றார் பரோட்டா.

“கேன் தண்ணிய யாரும் தொடாதீங்க, குழாய்ல வருது” என்றார் சிக்கனம்.

ஐந்து பேரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஒவ்வொருவரும் அவள் பிழைக்கவேண்டும் என்றுதான் வாதாடினார்கள், குரல் உயர்ந்தது, வெந்நீரின் குணத்தைப் பற்றியும் பானைத் தண்ணீரின் குணத்தைப் பற்றியும் அவளுக்குப் பாதிதான் கேட்டது. அவள் போர்வையை விலக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, பின்பக்கக் குழாயைத் திறந்து இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். திரும்பி வந்து படுத்தாள். அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை.

சாயங்காலம் ஜெபமணி டீச்சர் கஞ்சியோடு வந்து, ஐந்து பேரையும் வெளியே போகச்சொல்லிக் கதவைச் சாத்தினார். கஞ்சியைப் புகட்டிவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, “நாளைக்கு ஒனக்கு வாய்க்குப் பிடிச்சதா எதாவது செஞ்சு தாரேன். என்ன வேணும், சொல்லு” என்றார்.

செண்பகவல்லி யோசித்தாள். முளைகட்டின பயறு ஞாபகம் வந்தது, வெங்காயம் சேராத சாம்பார் வந்தது, சால்னா வந்தது.

“எதுன்னாலும் சரி டீச்சர்.”

“எதுன்னாலும்னு ஒரு குழம்பு இல்லம்மா. ஒனக்கு எது பிடிக்கும்?”

“தெரியல டீச்சர்.”

“தெரியலையா? என்ன பிள்ள நீ, ஒனக்குப் பிடிச்சது ஒனக்குத் தெரியாதா?”

“தெரியலைன்னா விடுங்களேன்!” என்று செண்பகவல்லி கத்தினாள். கத்தின கத்தலில் வெளியே ஐந்து பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. தம்ளரை எடுத்துக்கொண்டு, “தெரிஞ்சா சொல்லு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, எரிச்சல் எரிச்சலாக அழுதாள். தனக்கு எப்போது எழுந்தால் பிடிக்கும், காப்பியா டீயா, தரையா கட்டிலா, பேன் வேண்டுமா வேண்டாமா, ஒன்றுக்கும் பதில் இல்லை. ஐந்து விதமாக வாழ்கிற ஒருவர் வீட்டில், ஒரு விதமாகக்கூட வாழாத ஒருத்தி இருந்திருக்கிறாள்.

காய்ச்சல் முழுசாக விடுமுன்னே, ஞாயிற்றுக்கிழமை காலையில், பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள். ஐந்து பேரும் ஐந்து சாமான் சொன்னார்கள், அவள் காதில் வாங்கவில்லை. காய்கறிக்காரம்மா வழக்கம்போல, “இன்னைக்கு யாருக்கும்மா?” என்றாள்.

“எனக்கு.”

“ஒங்களுக்கு என்ன?”

“பொறும்மா, பாத்துட்டுத்தான் இருக்கேன்.”

வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். முட்டைக்கோஸைத் தொட்டாள், வேண்டாமென்று தோன்றியது. அப்படி ஒன்று தோன்றியதே அவளுக்குப் புதுசாக இருந்தது. கத்திரிக்காயைப் பார்த்தாள், பச்சை மொச்சையைப் பார்த்தாள், அப்புறம் காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தபோது கருவாட்டுக் கடை வாசம் வந்தது, நாக்கில் தண்ணீர் ஊறியது. யாரைக் கேட்டும் ஊறவில்லை, தானாக ஊறியது. நெத்திலிக் கருவாடு வாங்கினாள்.

கருவாடு வறுபடுகிற வாசம் முதலில் வீட்டை நிறைத்தது, பிறகு தெருவை நிறைத்தது. மொச்சையும் கத்திரிக்காயும் போட்டு, புளியைக் கெட்டியாகக் கரைத்து, வெங்காயமும் பூண்டும் கை நிறைய அள்ளிப்போட்டு, எண்ணெய் மிதக்க ஒரே சட்டியில் ஒரே குழம்பு வைத்தாள். சோறு வடித்தாள். தட்டைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்தாள். ஐந்து பேரும் அடுக்களை வாசலில் வந்து நின்றார்கள்.

“எனக்கு கூழு?” என்றார் நடை.

“இல்ல.”

“இதுல எண்ணெ மிதக்குதே.”

“மிதக்குது” என்றாள் செண்பகவல்லி, வாய் நிறையச் சோற்றோடு. “இன்னைக்கு இதுதான். நாளைக்கு என்னன்னு எனக்கு நாளைக்குத்தான் தெரியும். வேணுங்கறவங்க போட்டுச் சாப்பிடுங்க, வேண்டாதவங்க கத்தாதீங்க, எனக்குத் தலை வலிக்குது.”

அவள் மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டாள். சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கட்டிலில் போய்க் கால் நீட்டிப் படுத்தாள்.

பரோட்டா பூவநாதன் யோசிக்காமல் உட்கார்ந்தார். மிஞ்சினால் வீணாகுமே என்று சொல்லிக்கொண்டு சிக்கனம் உட்கார்ந்தார். வெயிலில் காய்ந்ததுதானே, இதைவிட இயற்கை என்ன இருக்கிறது என்று இயற்கை உட்கார்ந்தார். நடை பூவநாதன் வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்து நடந்து பார்த்துவிட்டு, கடைசியில் அவரும் உட்கார்ந்தார். சட்டி அடி தெரிகிறவரை போட்டுப் போட்டுச் சாப்பிட்டார்கள். நாலு பேர் கை கழுவப் பின்பக்கம் போனார்கள். ஒரே ஒருவர்தான் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார், பின்பக்கம் வேறு யாரும் இல்லை.

விபூதி பூவநாதன் மட்டும் சாப்பிடவில்லை. மஞ்சப்பையில் வேட்டியையும் திருநீற்றுப் பையையும் வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“செம்பகம், இனிமே இந்த வீட்ல நான் சாப்பிட முடியாது.”

“தெரியும்ங்க.”

“திருச்செந்தூர் போறேன். அங்க மடத்துல இருந்துக்கிடுவேன்.”

“ம்.”

“எம்மேல கோவமா?”

அவள் எழுந்து உட்கார்ந்தாள். ஐந்து பேரில் இவரை நிறுத்தி ஒரு சொல் பேசியதாக அவளுக்கு ஞாபகமில்லை, இவரும் அவளிடம் வெங்காயத்தைப் பற்றித் தவிர எதுவும் பேசியதில்லை. “உங்க ஒருத்தர் மேல மட்டும் கோவப்படுறதுக்கு எனக்குத் தெம்பு ஏதுங்க” என்றாள். அவர் திருநீற்றை எடுத்து அவள் நெற்றியில் பூசினார். பூசின கை அங்கேயே நின்றது.

“இன்னும் சுடுதே” என்றார்.

அத்தனை நாளில் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்த ஒரே கை அதுதான். அவர் படியிறங்கிப் போய்விட்டார், பஸ் ஏறுகிறவரை தெருவில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

மறுநாள் தெரு திரண்டு வந்தது. நடக்கிறவர்கள் வந்தார்கள், பரோட்டாக் கடைக்காரர் வந்தார், கரண்ட் பில்லோடு நாலு பெண்கள் வந்தார்கள். கோயில் கமிட்டி ஆவுடையப்பன்தான் முன்னால் நின்றார். “என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க, ஒரு வார்த்தை எங்களக் கேக்கவேண்டாமா? தெருவுக்கே எவ்வளவு பிரயோசனமா இருந்தாங்க!”

“பிரயோசனமா இருந்தாங்களா?” செண்பகவல்லி இடுப்பில் கைவைத்துக்கொண்டு படியில் நின்றாள். “அண்ணாச்சி, ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, யாராவது ஒருத்தருக்குச் சோறு போட்டு அனுப்புனீங்களா? அதோ உள்ள ஒருத்தரு இருக்காரு. என்ன ஆளுன்னு எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. வேணும்னா கூட்டிட்டுப் போங்க, மூணு வேளையும் நீங்களே பாத்துக்கோங்க.”

ஜெபமணி டீச்சர் தன் வாசலிலிருந்து சத்தமாகச் சிரித்தார். கூட்டம் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுக் கலைந்தது. முருங்கைக்கொம்புகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற முறையை வீட்டுக்கு வீடு பிரித்துக்கொண்டார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் பாதிப்பேர் தாங்களாகவே நடந்தார்கள், மீதிப்பேர் நின்றுவிட்டார்கள். பரோட்டாக் கடை நாற்காலியில் ஒரு பூனை படுத்துக்கொண்டது.

மிச்சமிருந்த பூவநாதன் காலையில் எழுந்து, ஆபீஸ் கிளம்புகிறவரை சும்மா உட்கார்ந்திருப்பார். கோயில் பக்கம் போனால் கையைக் கூப்பலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுவிட்டு வருவார், அந்த இடம் அவருக்குள் காலியாக இருந்தது. ஒருதரம் குளிர்ந்த தண்ணீரில் குளிப்பதைப் பற்றி யாரோ தெருவில் கொடுத்த துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்து, “இனிமே இதுதான் நம்ம…” என்று ஆரம்பித்தார். செண்பகவல்லி திரும்பிப் பார்த்தாள். “என்…” என்று திருத்திக்கொண்டார். அப்புறம் குளிக்கவும் இல்லை.

அவள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். டீ பிடிக்கும். அதிகாலை பிடிக்காது. பேன் வேண்டும், மெதுவாகச் சுற்றினால் போதும். கூழ் பிடிக்கும் என்று தெரிந்தபோது அவளுக்கே கோபம் வந்தது.

வைகாசியில் ஆவுடையப்பன் திருச்செந்தூர் போய்விட்டு வந்து, வாசலில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னார். “உங்க வீட்டுக்காரரப் பாத்தேன்மா. மடத்துல பந்தி விசாரிக்காரு. ஆளு மெலிஞ்சு, நல்லா இருக்காரு. செம்பகம் வந்தா உக்கார வச்சு நானே பரிமாறுவேன்னு சொன்னாரு.”

செண்பகவல்லி தீப்பெட்டி ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

“எங்க?” என்றார் வீட்டிலிருந்த பூவநாதன்.

“திருச்செந்தூர்.”

“சாமி கும்பிடவா?”

“சாப்பிட.”

அவர் கொஞ்சநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னவோ நல்லதாகச் சொல்லப்போகிறார் என்று அவள்கூட நினைத்துவிட்டாள்.

“அப்ப எனக்குச் சாப்பாடு?” என்றார்.

செண்பகவல்லி கண்ணை மூடித் திறந்தாள். “அடுப்பு அங்கதான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

மடத்தில் பந்தி நீளமாக இருந்தது, கடல் இரைச்சல் உள்ளே வரை கேட்டது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தனக்கு முன்னால் விரித்த இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். பூவநாதன் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு இலையாகக் குனிந்து குனிந்து வந்தார். அவளிடம் வந்ததும் நின்றார், பல்லிடுக்கு தெரியச் சிரித்தார், சோற்றைக் குவித்தார். குழம்பை ஊற்றினார். வெங்காயம் பூண்டு இல்லாத அதே சாம்பார்தான். சாப்பிட்டுப் பார்த்தாள், யாரோ செய்து யாரோ ஊற்றினால் அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

“இன்னும் கொஞ்சம் ஊத்தவா?” என்றார்.

“ஊத்துங்க.”

அவர் ஊற்றினார். மறுபடியும் ஊற்றினார். சாம்பார் இலையின் ஓரத்தைத் தொட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் போதுமென்று கையை நீட்டவில்லை.